பிரசவித்த தாயின் ஆகாரக் கணக்கு
மரக்கறி உணவு கொள்ளும் குடும்பங்களுக்கு ஒரு பாடம்

சங்கத்தின் கணக்குப் புத்தகத்தைத் திறந்தவுடன் நாம் முதலில் பார்ப்பது கையிருப்பு. நாள்தோறும் பற்று எழுதி, வரவு எழுதாத சங்கம் நெடுநாள் நிலைக்காது என்பதை அங்கத்தினர்கள் அறிவர். மனித சரீரமும் அத்தகைய ஒரு கணக்கேயாகும். கர்ப்ப காலம் முழுதும் சிசுவுக்குத் தன் இரத்தத்தையும் எலும்பின் சாரத்தையும் ஈந்து, பிரசவத்தில் உதிரம் இழந்து, அதன்பின் இரவு பகலாகப் பால் கொடுக்கும் தாயின் கணக்கில் பற்றே மிகுதி. அந்தச் சமயத்தில்தான் நம் வீடுகளில் பத்தியம் என்னும் பெயரால் வரவையும் குறைத்து விடுகின்றோம். மீனும் முட்டையும் புழங்காத வீட்டில் இதனால் விளையும் நஷ்டம் இன்னும் அதிகம். அந்த நஷ்டத்தை ஈடு செய்யும் வழியைக் காட்டுவதே இப்பாடத்தின் நோக்கம்.

வடசென்னையாகிய இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளுக்கும் மீஞ்சூர், பொன்னேரி முதலிய கிராமப் பக்கங்களுக்கும் இவ்விஷயத்தில் நெருங்கிய சம்பந்தம் உண்டு. துறைமுகத்திலும் தொழிற்சாலைகளிலும் வேலை பார்ப்பவருக்கு வாழ்க்கைப்பட்ட பெண்கள் பலர், தலைப்பிரசவத்துக்குக் கிராமத்திலுள்ள தாய்வீடு வருகின்றனர். வேறு பலர் இராயபுரத்திலுள்ள ராஜா சர் இராமசாமி முதலியார் பிரசவ ஆஸ்பத்திரியில் மகவை ஈன்று, சில தினங்களில் வீடு திரும்புகின்றனர். ஆஸ்பத்திரியின் பொறுப்பு வாயிலோடு நின்று விடுகின்றது. பின்வரும் ஆறு மாதப் பொறுப்பு அடுக்களையினுடையது.

1. செலவு எவ்வளவு?

சுகப்பிரசவத்திலேயே அரை லிட்டர் வரையில் உதிரம் போவது உண்டு. அதன்பின் தாய் நாளொன்றுக்கு ஏறக்குறைய 750 மில்லிலிட்டர் பால் சுரக்கின்றாள். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வகுத்த அளவுப்படி, பால் கொடுக்கும் தாய்க்கு முதல் ஆறு மாதம் வழக்கமான உணவுக்கு மேல் தினம் 600 கலோரி உஷ்ண சக்தியும், 17 கிராம் அளவுக்குப் புரதமும் அதிகம் வேண்டும். சுண்ணாம்புச் சத்து தினம் 1,200 மில்லிகிராம் வேண்டும்.

இந்தக் கணக்கு பெரும்பாலும் குறைவான கையிருப்புடனேயே தொடங்குகின்றது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், இந்தியாவின் கர்ப்பிணிகளுள் நூற்றுக்கு 52 பேருக்கு இரத்தசோகை இருந்ததாகக் கண்டனர். அதாவது, பிரசவ வேதனைக்கு முன்பே அவர்கள் கடன்பட்டிருந்தனர்.

2. பத்தியம் கொடுப்பதும் தடுப்பதும்

பத்தியம் முழுவதையும் தள்ளிவிடுதல் தகாது. பூண்டுக் குழம்பு, மிளகு ரசம், நெய், நல்லெண்ணெய் விட்ட உளுந்தங்களி, வெந்தயக் கஞ்சி, சுக்கும் திப்பிலியும் பனைவெல்லமும் சேர்த்துக் கிண்டிய லேகியம் ஆகிய இவை உடம்புக்குச் சக்தி தருவன, பசியை எழுப்புவன. தாய்க்கு ஓய்வு தரவேண்டும் என்ற நம் பாட்டிமாரின் விதி பொன்போற் போற்றத்தக்கது.

ஆனால் அதே பத்தியம் ஐந்து பொருள்களைத் தடுக்கின்றது. பருப்பு வாயு என்று ஒதுக்கப்படுகின்றது. கீரையைத் தின்றால் பிள்ளைக்கு வயிறு போகும் என்கின்றனர். தயிரும் பழமும் சீதளம் எனப்படுகின்றன. தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும் என்று அளந்து கொடுக்கின்றனர்.

காசிமேட்டுக் கரையோரத்து மீனவர் வீட்டில் கீரையை நிறுத்தினாலும் சுறாப்புட்டும் கருவாடும் தாயின் இலைக்கு வருகின்றன. புரதத்துக்கு அங்கே பஞ்சமில்லை. திருவொற்றியூர்க் கோயிலைச் சூழ்ந்த தெருவில் மரக்கறி உண்ணும் வீட்டிலோ பருப்பும் கீரையும் தயிரும் போய்விட்டால் எஞ்சுவது சோறும், ரசமும், சுட்ட அப்பளமும், சுண்டைக்காய் வற்றலுமே. ஒரே பத்தியந்தான், எனினும் ஒரு வீட்டுக்கு அது சிறு குறை, மற்றொரு வீட்டுக்குப் பெருநஷ்டம்.

தாய்ப்பால் உண்டாவது இரத்தத்திலிருந்தே. குடலிலுள்ள வாயு பாலில் இறங்குவதில்லை. ஆகவே பருப்பும் கீரையும் பிள்ளைக்கு ஆகா என்னும் அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. நம் ஊர் வெயிலில் தண்ணீரைக் குறைத்தால் மலச்சிக்கலும் நீர்க்கடுப்புமே மிஞ்சும். தாகத்துக்குத் தக்கவாறு குடிக்க விடுதலே முறை.

3. கோஷா ஆஸ்பத்திரி கற்பித்த பாடம்

பிரசவ கால இரத்தசோகை ஆகாரக் குறைவினால் வருவது என்னும் உண்மை துலங்குவதற்கு நம் நாட்டுப் பெண்களே காரணமாயினர். லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவ அம்மையார் 1928-இல் இந்தியாவுக்கு வந்தார். பம்பாயில் பஞ்சாலைத் தொழிலாளர் குடும்பத்துக் கர்ப்பிணிகள் கடுமையான ஒருவகை இரத்தசோகையால் மாய்வதை ஆராய்வதே அவருடைய வேலை. 1929-இல் குன்னூர்ப் பாஸ்டியர் நிலையத்திலும், 1931-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சென்னைத் திருவல்லிக்கேணியில் மக்கள் கோஷா ஆஸ்பத்திரி என்று வழங்குவதும், இன்று கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி எனப் பெயர் கொண்டதுமான மருத்துவமனையிலும் அவர் பணியாற்றினார்.

அந்த நோய் தொற்றுநோயன்று என்றும், குறையுள்ள ஆகாரத்தால் விளைவது என்றும் அவர் நிச்சயித்தார். அதைத் தீர்த்த மருந்து மலிவானது. ஈஸ்ட் என்னும் நொதிப்பொருளின் சாறு. மார்மைட் என்ற பெயரில் அது கடைகளில் விற்கப்பட்டது. இச்செய்தியை அவர் 1931-இல் வெளியிட்டார். அச்சாற்றிலிருந்த சத்து இன்னதென அப்பொழுது ஒருவரும் அறியார். 1941-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் அதனைப் பாலக் கீரையிலிருந்து பிரித்தெடுத்து, லத்தீனில் இலையைக் குறிக்கும் சொல்லைக் கொண்டு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். இன்று கர்ப்பிணிகளுக்குத் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரையில் அதுவும் சேர்ந்துள்ளது.

இதில் நாம் கவனிக்க வேண்டுவது ஒன்று. பம்பாய்ப் பெண்களைக் காத்த பொருள் மாமிசம் அன்று. பத்தியத்தில் நாம் முதலில் தள்ளிவைக்கும் கீரையிலும் பருப்பிலும் அச்சத்தே இருக்கின்றது.

4. மரக்கறியில் இல்லாத ஒன்று

ஆயினும் ஒரு குறையை மறைத்தல் நன்றன்று. 1948-இல் கண்டுபிடிக்கப்பட்ட பி-12 என்னும் ஜீவசத்து தானியத்திலும் காய்கறியிலும் கீரையிலும் கிடையாது. மரக்கறி உண்போருக்குப் பாலும் தயிரும் மோருமே அதற்கு வழி. தாயிடம் இது குறைந்தால் பாலிலும் குறையும். அப்பாலையே நம்பியிருக்கும் சிசு சோர்ந்து, வெளிறி, சிரிப்பும் விளையாட்டும் இழந்து, கற்ற அசைவுகளையும் மறப்பதை வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வைத்தியர்கள் 1962-இல் விவரித்தெழுதினர். தக்க சமயத்தில் அச்சத்தைக் கொடுத்தால் குணம் காணலாம். காலங்கடந்தால் சிசுவின் மூளை வளர்ச்சிக்கே பங்கம் நேரலாம்.

ஆதலின் தயிர் சீதளம் என்று மரக்கறி வீட்டில் நிறுத்துவது, இருக்கும் ஒரே வாயிலையும் அடைப்பதாகும். பாலும் மோரும் கொள்ளாத தாய் வைத்தியரிடம் சொல்லி, பி-12 மாத்திரை கட்டாயம் பெறவேண்டும்.

5. தினசரி வரவு

முற்கூறிய 600 கலோரியையும் 17 கிராம் புரதத்தையும் நம் அடுக்களைப் பொருளாலேயே ஈடு செய்யலாம். தாய் வழக்கமாக உண்பதற்கு மேல் சேர்க்க வேண்டியன இவை:

அரிசி அல்லது கேழ்வரகு மாவு, 60 கிராம்.
துவரம்பருப்பு அல்லது பாசிப்பருப்பு, 30 கிராம்.
பால், அல்லது அதன் தயிர், 200 மில்லிலிட்டர்.
நல்லெண்ணெய் அல்லது நெய், இரண்டு தேக்கரண்டி.
வெல்லம், 20 கிராம்.

இவை ஐந்தும் சேர்ந்து ஏறக்குறைய தேவையான கலோரியையும் புரதத்தையும் தருகின்றன. அரிசிக்குப் பதில் கேழ்வரகைக் கொண்டால், அந்த 60 கிராமிலேயே ஏறக்குறைய 200 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்துக் கூடுதலாகச் சேரும். இவற்றுடன் தினம் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையோ, அரைக்கீரையோ, பொன்னாங்கண்ணியோ, ஒரு பழமும் வேண்டும். பழம் என்றவுடன் ஆப்பிளைத் தேடிப் போகவேண்டா. கொய்யாவும் நெல்லிக்காயும் போதும்.

சர்க்கரை வியாதி உள்ளவர்கள் வெல்லத்தையும் லேகியத்தையும் வைத்தியரைக் கேட்டே கொள்ளவேண்டும். வயிற்றை அறுத்துப் பிள்ளை எடுக்கப்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சொன்ன முறைப்படி கஞ்சியில் தொடங்கிப் படிப்படியாக இவ்வுணவுக்கு வரலாம்.

6. சமைக்கும் முறை

முதல் வாரத்தில் பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்துச் சீரகமும் பெருங்காயமும் சேர்த்துத் தருக. பழகிய பின் துவரம்பருப்பும், முளைகட்டிய பயறும் தரலாம்.

கீரையை நெடுநேரம் கொதிக்கவிட்டு நீரை வடித்துக் கொட்டினால் ஃபோலிக் அமிலத்தில் பெரும்பகுதி வீணாகும். கழுவிய பின் நறுக்கி, சிறிது நீரில் மூடி வேகவைத்து, அந்நீரையும் சேர்த்தே கடைதல் வேண்டும்.

கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து எளிதில் உடம்பில் ஒட்டாது. எலுமிச்சம்பழச் சாறோ நெல்லிக்காயோ உடன் சேர்ந்தால் ஒட்டும். சாப்பாட்டை ஒட்டிக் காப்பியும் தேநீரும் குடித்தால் அது தடைப்படும். இடையில் ஒரு மணி நேரமாவது விடுக.

உணவு எவ்வளவு நன்றாயினும் மாத்திரையை நிறுத்தலாகாது. பிரசவத்துக்குப்பின் 180 நாள் இரும்புச்சத்து மாத்திரை தினம் ஒன்று என்பது அரசாங்க விதி. சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் ஆறு மாதம் உண்டு. இவ்விரண்டையும் ஒரே வேளையில் விழுங்காமல் வெவ்வேறு வேளையில் கொள்ளவேண்டும்.

7. சங்கம் செய்யக்கூடியது

மேற்கண்ட 30 கிராம் பருப்பு மாதத்துக்கு 900 கிராம் ஆகும். நியாயவிலைக் கடையில் குடும்ப அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைக்கின்றது. அக்கடைகளில் பெரும்பாலானவை கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துவன. பிரசவித்தவள் இருக்கும் வீட்டில் அந்த ஒரு கிலோவைத் தாயின் பங்கு என்று ஒதுக்கி வைத்து, மற்றவர்களுக்கு வேறு வாங்குதல் நன்று. எல்லோருக்கும் பரிமாறிய பின் சட்டியில் மிஞ்சியதைத் தாய் உண்ணும் வழக்கம் உள்ள வீட்டில் இந்த ஒதுக்கீடு ஒன்றே பாதி வைத்தியம்.

உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2013-இன்படி, பிரசவித்த தாய்க்கு ஆறு மாதம் வரை அங்கன்வாடியில் இலவச ஊட்டச்சத்து பெறும் உரிமை உண்டு. 2013-இல் அச்சட்டம் இயற்றப்பட்டபொழுது அதன் அளவும் தினம் 600 கலோரி, 18 முதல் 20 கிராம் புரதம் என்றே வகுக்கப்பட்டது. அங்கே தரும் சத்துமாவைக் குடும்பம் முழுதும் பகிர்ந்துண்டால் சட்டம் தந்ததை நாமே பறித்தவராவோம்.

திருவல்லிக்கேணியில் 1904-இல் தோன்றிய நகரக் கூட்டுறவுச் சங்கம், நல்ல சரக்கைச் சரியான அளவில் அங்கத்தினருக்குத் தருவதையே தொழிலாகக் கொண்டு வளர்ந்தது. நம் சங்கப் பண்டகசாலைகளும் கேழ்வரகு, பாசிப்பயறு, கறுப்பு உளுந்து, எள், பனைவெல்லம் இவற்றைக் கலப்படமின்றி எப்பொழுதும் இருப்பில் வைத்தல் வேண்டும். கர்ப்பிணி இருக்கும் குடும்பம் ஐந்தாம் மாதம் தொட்டுச் சங்கத்தில் சிறு தொகையைச் சேமிப்பாகக் கட்டி வந்தால், பிரசவத்தின்பின் பாலுக்கும் பருப்புக்கும் வட்டிக் கடைக்குச் செல்ல நேராது.

8. வைத்தியரிடம் உடனே செல்லவேண்டிய குறிகள்

ஆகாரம் எல்லா நோயையும் தீர்க்காது. உதிரப்போக்கு மிகுதல், காய்ச்சல், துர்நாற்றமுள்ள தீட்டு, மூச்சுத் திணறல், கடுந்தலைவலி, கண் மங்குதல், வலிப்பு, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மனம் குன்றி ஓயாத அழுகை ஆகிய இவற்றுள் ஒன்று காணினும் லேகியத்தால் பார்ப்போம் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்குச் செல்க. 108 என்ற எண்ணுக்குச் சொன்னால் வண்டி வரும்.

சங்கக் கூட்டத்தில் ஆலோசிக்க வேண்டிய கேள்விகள்

1. நம் ஊரில் பிரசவித்த தாய்க்கு எந்தெந்தப் பொருள்களை எத்தனை நாள் நிறுத்துகின்றனர்? ஒவ்வொன்றுக்கும் ஈடாக என்ன தருகின்றனர்?
2. மேலே கண்ட ஐந்து பொருள்களுக்கு நம் பண்டகசாலை விலைப்படி ஒரு மாதச் செலவு என்ன? அதனை ஒரு மாத லேகியச் செலவோடும் வைத்தியச் செலவோடும் ஒப்பிடுக.
3. சென்ற ஆறு மாதத்தில் பிரசவித்த அங்கத்தினர் வீட்டுப் பெண்களுள் எத்தனை பேர் அங்கன்வாடிச் சத்துமாவும் மாத்திரையும் தவறாது பெறுகின்றனர்?
4. சங்கத்தில் பிரசவச் சேமிப்பு ஏற்படுத்தினால் மாதம் எவ்வளவு கட்டுவது எளிது?

மூன்றாம் கேள்விக்குரிய விடையை ஆண்கள் மட்டும் கூடியிருந்து சொல்ல இயலாது. ஆகையால் இக்கூட்டத்துக்கு வீட்டுப் பெண்களையும், முக்கியமாகப் பத்தியம் வகுக்கும் மாமியார்களையும் பாட்டிமார்களையும் அழைத்தல் அவசியம். அடுக்களைக் கணக்கில் கையெழுத்திடுபவர்கள் அவர்களே.