ரப்பரைப் பார்த்து வாங்குங்கள்

பொட்டிப்புரத்தில் கார் வைத்திருப்பவனுக்கு ரோடு இரண்டு விதம். தோட்டத்துக்குப் போகும் புழுதித் தடம் ஒன்று. போடி தாண்டி, முந்தலில் ஏறத் தொடங்கி 17 கொண்டை ஊசி வளைவுகளோடு போடிமெட்டுக்குப் போகும் மலைச்சாலை இன்னொன்று. முதலாவது சஸ்பென்ஷனைத் தின்னும். தின்ற கணக்கு இரண்டாவதில்தான் தெரியும், அதுவும் இறங்கும்போது.

எங்கள் பக்கத்தில் இதை நன்றாக அறிந்தவர்கள் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் டிரைவர்கள். எதில் சிக்கனம் பிடிக்கலாம், எதில் கூடாது என்று ஒருவரிடம் கேட்டேன். "பட்டை ஒடஞ்சா மெதுவா வீடு வந்து சேந்துரலாம் தம்பி. டை ராடு கழண்டா பள்ளத்துக்குத்தான்" என்றார். பட்டை என்று அவர் சொன்னது லீஃப் ஸ்பிரிங்கை. பட்ஜெட் போட இதுவே போதும். பால் ஜாயிண்ட், டை ராட் எண்ட் இரண்டிலும் பேரம் பேசக்கூடாது. ஒடிந்தால் சக்கரம் நம் பேச்சைக் கேட்காது. ஸ்டெபிலைசர் லிங்க் போனால் பெரும்பாலும் கடகடவென்று சத்தம்தான் வரும்; அங்கே நடுத்தர விலை போதும்.

கடையில் பெட்டியின் மினுமினுப்பை விடுங்கள், ரப்பரைப் பாருங்கள். பால் ஜாயிண்ட்டின் குண்டு தானாகத் தேய்வது குறைவு. மேலே போர்த்தியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்து, புழுதி உள்ளே இறங்கி, கிரீஸோடு கலந்து அம்மி மாதிரி அரைத்துவிடுகிறது. அதனால் புதுசு வாங்கும்போதே பூட்டை விரலால் மடக்கிப் பார்ப்பேன். மடித்த இடத்தில் வெள்ளைக் கோடோ வெடிப்போ தெரிந்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவேன். அடுத்தது ஸ்டட். கையால் சுற்றினால் ஒரே சீராக, கொஞ்சம் இறுக்கமாகச் சுற்ற வேண்டும். தானாகத் தொங்கி விழுந்தாலோ, ஓரிடத்தில் மாட்டி நின்றாலோ வேண்டாம்.

பெட்டியில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, தயாரித்த மாதமும் வருடமும், அதிகபட்ச விலை எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும் என்பது சட்டம். வருடத்தைக் கட்டாயம் படியுங்கள். ரப்பர் அலமாரியில் இருந்தபடியே கிழடாகும்.

'கம்பெனி பீஸ்தான் போடுவேன்' என்று அடம் பிடிக்க வேண்டியதில்லை. கார் கம்பெனிகள் இந்தப் பாகங்களில் பெரும்பாலானவற்றைத் தாங்களே செய்வதில்லை. சென்னையின் ரானே போன்றவர்கள் ஸ்டீரிங் இணைப்புகளையும் பால் ஜாயிண்ட்டையும், காப்ரியேல் போன்றவர்கள் ஷாக் அப்சார்பரையும் செய்து கார் கம்பெனிகளுக்குக் கொடுக்கிறார்கள். அதே ஆட்கள் தங்கள் சொந்தப் பெட்டியிலும் விற்கிறார்கள். விலை பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். ஆனால் பெயர் பெற்ற பெட்டிக்குத்தான் டூப்ளிகேட்டும் வரும். பில் தராத கடையில் எவ்வளவு தள்ளுபடி கிடைத்தாலும் நான் வாங்குவதில்லை. பாக எண்ணையும் மாடல் பெயரை வைத்துத் தேடாமல் சேசிஸ் எண்ணை வைத்துப் பாருங்கள். ஒரே காருக்கு வருடம் மாறினால் பாகமும் மாறியிருக்கும்.

எதை மாற்றுவது என்று தெரியாமல் கடைக்குப் போக வேண்டாம். முன்பக்கம் ஜாக்கி போட்டுச் சக்கரத்தை இடம் வலமாகப் பிடித்து ஆட்டுங்கள். டொக்கென்று விளையாடினால் டை ராட் எண்ட் அல்லது ரேக் எண்ட் பக்கம். மேல் கீழாகப் பிடித்து ஆட்டி விளையாடினால் பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங். ஷாக் மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்த பால் ஜாயிண்ட்டை லேத்தில் கொடுத்தால் மூடியை அடித்து இறுக்கித் தருவார்கள், செலவு சொற்பம். எனக்கு அதில் சம்மதமே இல்லை; கிழிந்த பூட்டும் உள்ளே போன புழுதியும் அப்படியேதானே இருக்கும்?

நல்ல பாகம் வாங்கியும் சீக்கிரம் போவதற்குப் பெரும்பாலும் பொருத்தும் விதம் காரணம். லோயர் ஆர்ம் புஷ்ஷின் போல்ட்டை லிஃப்டில் சக்கரம் தொங்கும்போதே முழுக்க இறுக்கினால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கியபடியே நிற்கும். பிறகு ஒவ்வொரு குழியிலும் அது கூடுதலாகக் கிழியும். கையால் இறுக்கும் அளவுக்கு மட்டும் மாட்டிவிட்டு, வண்டி தன் பாரத்தில் நின்ற பிறகு கடைசி இறுக்கம் கொடுக்கும்படி மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டும். "நாங்க எப்பவும் இப்படித்தாண்ணே பண்ணுவோம்" என்பார்கள். சிரித்துக்கொண்டே பக்கத்தில் நின்றுவிடுங்கள். ஸ்பிலிட் பின்னையும் பழையதைத் திரும்பப் போட விடாதீர்கள், அது சில்லறைக் காசு. டை ராட் எண்ட் கழற்றும் முன் எத்தனை மரை வெளியே தெரிகிறது என்று எண்ணிக் குறித்துக்கொண்டால், அலைன்மெண்ட் கடை வரைக்குமாவது வண்டி நேராகப் போகும்.