வாக்குரிமைக்கு முன்னே வாக்குச்சாவடி

ஆய்வுக்கூடத்தில் ஒரு கருவியைக் கையால் இயக்கிப் பார்த்த பின்னரே பாடநூலில் படித்தது தெளிவாகிறது. அறிவியல் மாணவனாகிய எனக்கு இது நாள்தோறும் கிட்டும் அனுபவம். மக்களாட்சியையும் அவ்வாறு கற்பிக்க இயலுமா? இயலும் என்கிறது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலச் சட்டம்.

அந்நாட்டில் குடியரசுத் தலைவர் தேர்தல் நவம்பரில் முதல் திங்களை அடுத்த செவ்வாயன்று நடைபெறும். 1845-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த நாள் அது. செவ்வாய் பலருக்கும் வேலை நாள். ஆகவே சாவடிப் பணிக்கு வருவோரில் ஓய்வுபெற்ற முதியோர் மிகுதி. இளையோரையும் இப்பணிக்கு ஈர்க்க 2002-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டமும் வழிசெய்தது.

கலிபோர்னியாவில் வாக்களிக்கும் வயது 18. ஆயினும் 16 வயது நிரம்பிய உயர்நிலைப்பள்ளி மாணவர் சாவடி அலுவலராகலாம். மதிப்பெண் சராசரி 4-க்கு 2.5-ஆவது இருத்தல் வேண்டும். ஒரு நாள் பாடத்தை இழந்தாலும் ஈடுசெய்யக்கூடியவரே வரவேண்டும் என்பது இதன் கருத்தெனலாம். ஒரு சாவடிக்கு ஐவருக்கு மேல் கூடாது. வாக்குகளை எண்ணும் வேலை அவர்களுக்கு இல்லை.

அன்றைய விடுப்பைக் கல்விச் சட்டமே ஏற்கிறது. தவறிய பாடங்களையும் தேர்வுகளையும் பின்னர் முடித்தால் முழு மதிப்பெண் உண்டு. இந்த உறுதி இல்லையேல் அழைப்பு வெறும் ஏட்டுச் சுரைக்காயே!

நம் நாட்டின் நிலை வேறு. இங்கே பள்ளியே சாவடியாகிறது. ஆசிரியரும் அரசு ஊழியரும் அலுவலராகின்றனர். பாட நாட்களில் ஆசிரியரைத் தேர்தல் பணிக்கு ஈடுபடுத்தலாகாது என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் முதியோருக்குக் கைகொடுப்பதுண்டு. ஆனால் பதிவேட்டில் கையொப்பம் பெறுவதும், விரலில் மை இடுவதும் அவர்கள் வேலையல்ல.

ஆகவே விடுமுறை நமக்குக் குறையில்லை, பொறுப்புத்தான் இல்லை. 18 வயது நிறைந்த கல்லூரி மாணவருக்கேனும் பயிற்சி தந்து, மூத்த அலுவலரின் மேற்பார்வையில் அப்பொறுப்பை அளிக்கலாம் என்பது என் துணிபு. பயிற்சி நாட்களுக்கு வருகைப் பதிவில் குறை வைக்கலாகாது.

தோழர்களே, ஊர்விட்டு வந்து விடுதியில் வாழும் நமக்கு மற்றொரு கடமையும் உண்டு. விடுதி மாணவர் சொந்த ஊரிலோ பயிலும் ஊரிலோ வாக்காளராகப் பதியலாம். இரண்டிடத்திலும் பதிதல் கூடாது. தாயகத்தில் வாக்குப்பதிவு நடக்கும் நாளில் இங்கே வகுப்பு நடக்கக்கூடும். இரயில் பயணமோ நெடியது. எந்த ஊர்ப் பட்டியலில் நம் பெயர் இருக்க வேண்டும் என்பதை இப்பருவத்திலேயே முடிவு செய்வோம்.