நிழலில் படரும் வல்லாரை

தில்லி, போபால் போன்ற நகரங்களில், வேம்பும் மாவும் கவிந்து நிற்கும் வீட்டுத் தோட்டங்களில் மரத்தடி பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கும். புல் விதைத்தால் சில வாரங்களில் மஞ்சளித்துச் சாகும். வெயிலை நாடும் செடியை நிழலில் வைத்துவிட்டு மண்ணைக் குறை கூறுவோர் பலர். நிழலும் ஈரமும் இருந்தால் செழிக்கும் செடிகளும் நம் நாட்டில் உள்ளன. வல்லாரை அவற்றுள் ஒன்று.

காட்டோடைக் கரைகளிலும் வயல் வரப்புகளிலும் இது தானாகவே வளரும். கொத்துமல்லியும் சீரகமும் இதன் குடும்பத்தைச் சேர்ந்தவை. வல்லாரையின் தண்டு மேலெழாமல் தரையோடு ஊர்ந்து செல்லும். கணுதோறும் வேரூன்றி இலை விடும். தாய்ச்செடியிலிருந்து அறுபட்டாலும் வேரூன்றிய கணு தனியே பிழைத்துக்கொள்ளும். ஆகவே, ஊருக்குச் சென்று திரும்புவோர் வேருள்ள துண்டுகள் சிலவற்றை ஈரத்துணியில் சுற்றிக் கொணர்ந்தால் போதும்.

நாற்றுப்பண்ணையில் வாங்குவோர் பெயரில் ஏமாறக் கூடாது. வட இந்தியாவில் ‘பிராமி’ என்னும் ஒரே பெயர் இரண்டு செடிகளுக்கு வழங்குகிறது. ஒன்று வல்லாரை, மற்றொன்று தமிழர் நீர்ப்பிரமி என அழைக்கும் வேறொரு செடி. நீர்ப்பிரமியின் இலைகள் சிறியவை, தடித்தவை. தண்டில் எதிரெதிராக அமைந்தவை. வல்லாரை இலையோ நீண்ட காம்பின் நுனியில் சிறுநீரக வடிவில் விரிந்திருக்கும். அதன் ஓரம் பல் பல்லாக வெட்டுப்பட்டிருக்கும். வடமொழியில் இதற்கு மண்டூகபர்ணி என்றும் பெயர் உண்டு. மண்டூகம் என்றால் தவளை. ஈரத்தை விட்டு அகலாத செடிக்குப் பொருத்தமான பெயர்தான்!

மழைக்காலத் தொடக்கமே நடுவதற்கு ஏற்ற காலம். மண்ணைக் கிளறி, மக்கிய இலையுரம் கலந்து, சாண் இடைவெளியில் துண்டுகளை ஊன்ற வேண்டும். காலையில் சிறிது வெயில் படுமாயின் நன்று. இதன் வேர்கள் ஆழமாகச் செல்வதில்லை. பெரிய மரத்தின் வேர்களோ சுற்றிலுமுள்ள நீரை உறிஞ்சிக்கொள்ளும். எனவே மரத்தடியில் நட்டால் நீர் ஊற்றுவதில் சோம்பல் கூடாது. தோட்டமில்லாத வீட்டினர் அகன்ற தொட்டியில் வளர்க்கலாம்.

மே, சூன் மாதங்களில் வீசும் அனல் காற்றில் இலைகள் கருகக் கூடும். செடி செத்துவிட்டதென்று பிடுங்கி எறிய வேண்டா. மண்ணில் ஈரம் காத்துவந்தால், எஞ்சிய கணுக்கள் மழை கண்டதும் மீண்டும் துளிர்க்கும்.

சாக்கடை ஓரங்களிலும் வல்லாரை தழைத்து வளர்வதுண்டு. அதனை ஒருபோதும் பறித்து உண்ணலாகாது. கழிவுநீரில் உள்ள நச்சு உலோகங்களை அது உறிஞ்சித் தன் இலையில் சேர்த்துக்கொள்ளும். எத்தனை முறை கழுவினாலும் அவை நீங்கா. வீட்டில் வளர்ப்பதன் பெரும்பயன் இங்கேதான் விளங்கும்.

வல்லாரை உண்டால் நினைவாற்றல் பெருகும் என்பது தமிழகத்தில் நெடுங்காலமாக உள்ள நம்பிக்கை. அதற்காகத் தேர்வுக்கு முதல்நாள் மட்டும் தேடி உண்போரும் உளர்! தண்டையும் கணுவையும் விட்டுவிட்டு, முற்றாத இலைகளை மட்டும் கிள்ள வேண்டும். அவற்றை வதக்கி, வறுத்த உளுந்து, மிளகாய், புளி, உப்புச் சேர்த்து அரைத்தால் துவையல் ஆயிற்று. சற்றுக் கசக்கும், சூடான சோற்றில் நல்லெண்ணெயுடன் பிசைந்தால் அக்கசப்பு அடங்கிவிடும்.