ஆபரேட்டிங் சிஸ்டம் இல்லாமல் ஒரு புரோகிராம்

விண்டோஸ், லினக்ஸ் எதுவுமே இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் இயங்குமா? புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலருக்கும் இந்தச் சந்தேகம் எழும். இயங்கும். ஆனால் ஆபரேட்டிங் சிஸ்டம் செய்து வந்த வேலைகளையும் நம் புரோகிராமே செய்ய வேண்டும். இப்படி நேரடியாக ஹார்ட்வேரில் ஓடும் புரோகிராமை 'பேர் மெட்டல்' புரோகிராம் என்கிறார்கள்.

இதைப் பழகச் சிறிய போர்டு ஒன்று போதும். 2012 பிப்ரவரி 29ல் அறிமுகமான ராஸ்பெர்ரி பை போர்டின் முதல் 'மாடல் பி'யை நான் இங்கு எடுத்துக் கொள்கிறேன். அதில் உள்ள சிறிய பச்சை விளக்கை எரிய வைப்பதே நம் பாடம்.

போர்டு எப்படி விழிக்கிறது?

பவர் கொடுத்தவுடன் முதலில் இயங்குவது ஏஆர்எம் பிராசசர் அல்ல. அதே சிப்பில் உள்ள கிராபிக்ஸ் பிராசசர். அது எஸ்டி கார்டில் இருந்து 'பூட்கோட் டாட் பின்', அடுத்து 'ஸ்டார்ட் டாட் எல்ஃப்' ஆகிய பைல்களைப் படிக்கும். பிறகு 'கெர்னல் டாட் ஐஎம்ஜி' என்ற பைலை மெமரியில் 8000 என்ற முகவரியில் ஏற்றி, ஏஆர்எம் பிராசசரை ஓடவிடும். வழக்கமாக இந்தப் பைலில் இருப்பது லினக்ஸ். அதே பெயரில் நம் புரோகிராமை வைத்தால், அது ஓடும். சூட்சுமம் இவ்வளவுதான்.

(இங்கு தரும் முகவரிகள் எல்லாம் ஹெக்ஸ், அதாவது 16 அடிமான எண்கள்.)

ஆறே கட்டளைகள்

பச்சை விளக்கு, சிப்பின் 16ஆம் எண் பின்னுடன் இணைந்துள்ளது. அந்தப் பின்னை இயக்குவதற்கென்று சில மெமரி முகவரிகள் உள்ளன. அங்கே எண்ணை எழுதினால் விளக்கு கேட்கும்.

1. 20200000 என்ற அடிப்படை முகவரியை எடுத்துக் கொள்ளவும்.
2, 3. 262144 என்ற எண்ணை எடுத்து 20200004ல் எழுதவும். பின் 16, 'அவுட்புட்' ஆகிவிடும்.
4, 5. 65536 என்ற எண்ணை எடுத்து 20200028ல் எழுதவும். இது பின்னை 'ஆப்' செய்யும். இந்த மாடலில் பின் ஆப் ஆனால்தான் விளக்கு எரியும்!
6. இதே ஆறாவது கட்டளைக்கே திரும்பத் திரும்பச் செல்லவும்.

ஆறாவது எதற்கு? சாதாரண புரோகிராம் முடிந்ததும் ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் திரும்பும். இங்கு திரும்பிப் போக யாரும் இல்லை. நிறுத்தி வைக்காவிட்டால், மெமரியில் அடுத்து எது இருந்தாலும் அதையும் கட்டளை என்று நினைத்து பிராசசர் ஓடிக் கொண்டே இருக்கும்.

தயாரிப்பது எப்படி?

உங்கள் கம்ப்யூட்டரில் ஏஆர்எம் பிராசசருக்கான குனு டூல்களை இன்ஸ்டால் செய்திடுங்கள். அசெம்பிளர் கட்டளைகளை எண்களாக மாற்றும். லிங்கரிடம் 8000 என்ற முகவரியைக் கொடுங்கள். லிங்கர் தரும் பைலில் ஆபரேட்டிங் சிஸ்டத்திற்கான குறிப்புகளும் இருக்கும். 'ஆப்ஜ்காப்பி' டூல் அவற்றை நீக்கி, வெறும் கட்டளைகளை மட்டும் தரும். கட்டளைக்கு 4 பைட் வீதம் 24, அடிப்படை முகவரிக்கு 4. ஆக மொத்தம் 28 பைட்!

காலி எஸ்டி கார்டு ஒன்றை பேட்32 முறையில் பார்மட் செய்திடுங்கள். பார்மட் செய்யும் முன் டிரைவ் எழுத்தை இருமுறை பாருங்கள். தவறான டிரைவ் என்றால் உங்கள் போட்டோக்கள் போய்விடும். ராஸ்பெர்ரி பை ஓஎஸ் உள்ள கார்டின் முதல் பார்ட்டிஷனில் இருந்து முதல் இரண்டு பைல்களையும் காப்பி செய்து, மூன்றாவதாக நம் பைலை வையுங்கள்.

விளக்கு எரியவில்லையா?

எரர் மெசேஜ் எதுவும் வராது. அதைக் காட்டுவதும் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் வேலைதானே! பைல் பெயர் சரியா, அளவு 28 பைட் இருக்கிறதா, போர்டு முதல் மாடல் பி தானா என்று வரிசையாகப் பாருங்கள். பை 2, 3, 4 மாடல்களில் முகவரிகள் வேறு என்பதால் இதே புரோகிராம் அவற்றில் வேலை செய்யாது.

விளக்கு எரிந்துவிட்டால், அடுத்து அதை விட்டு விட்டு எரிய வைத்துப் பாருங்கள். அதற்கு நேரத்தைக் கணக்கிடும் வேலையும் உங்களுடையதே. ஆபரேட்டிங் சிஸ்டம் சத்தமில்லாமல் நமக்காக எவ்வளவு செய்கிறது என்பது அப்போது புரியும்.