பூச்சி தின்னும் செடிக்குப் புதுத் தொட்டி

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)



பூச்சி உண்ணும் தாவரங்கள் என்றதும் நெப்பந்தஸ், டிரசீரா, யூட்ரிகுலேரியா என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்போம். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறோம். ஆனால் அவற்றுள் ஒன்றைக் கையில் வாங்கி, ஆசையோடு வளர்த்து, ஏறக்குறையக் கொன்றும்விட்டவர்கள் இப்பள்ளியில் நாங்கள் மட்டுமாகத்தான் இருப்போம். அதை மறைக்காமல் எழுதினால்தான் தொட்டி மாற்றும் முறை உங்களுக்கு விளங்கும்.

பல ஆண்டுகள் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்ற சகோதரி ஒருவர், கடந்த ஜூன் மாதம் முதிய சகோதரிகளின் இல்லத்திற்குச் சென்றார். போகும்போது தாம் வளர்த்த குடுவைச் செடியை எங்கள் வகுப்பிடம் ஒப்படைத்தார். "இந்த ஆண்டு இதற்குத் தொட்டி மாற்ற வேண்டும். ஆண்டு விழாவிற்கு வரும்போது பார்ப்பேன்" என்றார். எப்படி மாற்றுவது என்று எங்களில் ஒருத்திகூடக் கேட்கவில்லை. தொட்டி மாற்றத் தெரியாதா என்ன?

அச்செடி, பிலிப்பைன்ஸ் தீவுகளைத் தாயகமாகக் கொண்ட இரு நெப்பந்தஸ் சிற்றினங்களின் கலப்பு. வீடுகளில் வளர்க்க ஏற்றது. நம் நாட்டில் இயற்கையாக வளரும் நெப்பந்தஸ் ஒன்றே ஒன்றுதான்; அது மேகாலயாவின் காசி, காரோ, ஜயந்தியா மலைகளுக்கு உரியது. சட்டப் பாதுகாப்பு பெற்றது என்பதால் அதைக் காட்டிலிருந்து பறித்து வரக் கூடாது.

இலையின் நுனி கம்பிபோல் நீண்டு வளைந்து, அதன் முனை ஊதிக் குடுவையாகிறது. மேலே ஒரு மூடி. பூச்சி விழுந்ததும் மூடி 'டப்'பென்று அடைத்துக்கொள்ளும் என்று பலர் நினைக்கிறார்கள். நாங்களும் அதைப் பார்க்க ஒரு மதிய இடைவேளை முழுதும் காத்திருந்தோம்! ஒருமுறை திறந்த மூடி அசைவதே இல்லை. அது குடுவைக்குள் மழைநீர் நிரம்பாமல் காக்கும் குடை. விளிம்பில் சுரக்கும் தேனை நாடி வரும் எறும்பு, ஈரமான விளிம்பில் கால் வழுக்கி உள்ளே விழுகிறது; உள்ளிருக்கும் நீர் அதைச் செரிக்கிறது. 1874ஆம் ஆண்டிலேயே ஜோசப் ஹூக்கர் என்னும் ஆங்கிலேயத் தாவரவியலார், முட்டையின் வெள்ளைக் கருவையும் இறைச்சித் துண்டையும் குடுவைகளில் இட்டு, அவை கரைவதைக் கண்டு அறிவித்தார்.

இனி எங்கள் பிழைக்கு வருவோம். ஜூலையில் பெரிய மண் தொட்டி ஒன்று வாங்கினோம். செம்மண்ணும் நன்கு மக்கிய சாண எருவும் சரிபாதி கலந்தோம். ரோஜாவுக்கு அம்மா செய்வதுபோல் கடலைப்பிண்ணாக்கு ஊறவைத்த நீரையும் வாரம் ஒருமுறை ஊற்றினோம். மற்ற நாட்களில் ஆழ்துளைக் கிணற்று நீர். இரண்டு வாரங்கள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு இலை ஓரங்கள் கருகின. குடுவைகள் நான்கும் மேலிருந்து கீழாகக் காய்ந்தன. புதிய இலைகளின் நுனிக் கம்பிகளோ குடுவை கட்டாமலே வற்றின. சாப்பாடு போதவில்லை என்று எண்ணி இன்னும் கொஞ்சம் எரு போட்டோம்.

ஆகஸ்டில் வேறு வழியின்றிச் சகோதரிக்குக் கடிதம் எழுதினோம். திட்டி எழுதுவார் என்று பயந்தோம். நான்கு பக்கப் பதில் வந்தது. திட்டு ஒன்றும் இல்லை. "அது ஏழை மண்ணில் பிறந்தது. மண்ணில் கிடைக்காததால்தான் பூச்சியிடம் வாங்கிக்கொள்கிறது. உங்கள் விருந்து அதற்குத் தாங்காது" என்று தொடங்கியிருந்தது.

பூச்சியிலிருந்து இச்செடி பெறுவது முக்கியமாக நைட்ரஜனும் பாஸ்பரசும் ஆகும். மாவுச்சத்தை மற்றச் செடிகளைப் போலவே சூரிய ஒளியில் தானே தயாரித்துக்கொள்கிறது. எனவே எரு மிகுந்த மண் தேவையில்லை. தேவையில்லாதது மட்டுமன்று, தீங்கும்கூட. வேரைச் சுற்றி உப்புகள் செறிந்தால் வேர் நீரை உறிஞ்ச இயலாது. சவ்வூடு பரவல் பாடத்தில், உப்புக் கரைசலில் இட்ட உருளைக்கிழங்குத் துண்டு துவண்டதே, நினைவிருக்கிறதா? ஈர மண்ணில் நின்றுகொண்டே எங்கள் செடி தாகத்தால் வாடியது. பாத்திரத்தில் வெள்ளைப் படலம் படியவைக்கும் எங்கள் கிணற்று நீரும் அதனோடு சேர்ந்துகொண்டது.

சகோதரி எழுதியபடி முதலில் மழைநீர் சேர்த்தோம். கூரைத் தூசி கழுவிப் போகும்வரை விட்டுவிட்டு, பிறகு விழும் நீரைப் பிடிக்க வேண்டும். புதிய கலவைக்கு, ஆர்க்கிட் வளர்ப்போர் பயன்படுத்தும் ஸ்பேக்னம் என்ற உலர்ந்த பாசி இரண்டு பங்கு. பெர்லைட் என்ற வெண்ணிறச் சிறுகற்கள் ஒரு பங்கு. விரல்நுனி அளவு நறுக்கிய தேங்காய் மட்டைத் துண்டுகள் ஒரு பங்கு. மட்டையில் உப்பு இருக்குமாதலால் மூன்று நாட்கள் ஊறவைத்து, நாள்தோறும் நீரை மாற்றினோம். பாசியையும் மழைநீரில் ஊறவைத்துப் பிழிந்தோம். தொட்டி, அடியில் நிறையத் துளைகள் உள்ள 15 செ.மீ. பிளாஸ்டிக் தொட்டி. மண் தொட்டியின் சுவரில் உப்பு படியும் என்பதால் அது வேண்டாம் என்றார்.

சாதாரணமாகத் தொட்டி மாற்றுகையில் வேரைச் சுற்றிய பழைய கலவையை உதிர்க்காமல் அப்படியே தூக்கி வைத்துவிட வேண்டும். எங்களுடையது எருமண் ஆகையால் நீக்கியே தீர வேண்டியிருந்தது. செடியை மண்கட்டியோடு மழைநீர்த் தொட்டியில் அமிழ்த்தி, அரைமணி நேரம் விட்டோம். மண் தானே கரைந்து இறங்கியது; நாங்கள் இழுக்கவில்லை.

அப்போது வேர்களைப் பார்த்து எல்லோருக்கும் நெஞ்சு அடைத்துவிட்டது. தலைமுடிபோல் மெலிந்து, கரிபோல் கறுத்திருந்தன. எல்லாம் செத்துவிட்டது என்று ஒருத்தி கத்தரிக்கோல் எடுத்துவிட்டாள். நல்லவேளையாக இன்னொருத்தி கடிதத்தின் மூன்றாம் பக்கத்தை உரக்கப் படித்தாள்: "வேர் கறுப்பாகத்தான் இருக்கும். அதுவே அதன் நிறம். அழுகியது விரலுக்கு வழுக்கி உரியும். உயிருள்ளது விறைப்பாக நிற்கும். உரிவதை மட்டும் வெட்டுங்கள்." தொட்டுத் தொட்டுப் பார்த்தோம். பாதிக்கு மேல் விறைப்பாகவே இருந்தன.

தொட்டியில் சிறிது கலவை இட்டு, செடியை நடுவில் பிடித்து, சுற்றிலும் தளர்வாக நிரப்பினோம். அழுத்தக் கூடாது; வேருக்குக் காற்று வேண்டும். மேலாக மழைநீர் ஊற்றி, அடியில் வழியவிட்டோம். நல்ல குடுவைகள் உள்ள செடியாயின், உள்நீர் சிந்தாதபடி வாயில் பஞ்சு அடைத்துவிட்டு வேலை தொடங்க வேண்டுமாம். எங்களுக்கு அந்தக் கவலைக்கு இடமில்லை, குடுவையே இல்லையே!

நேர்வெயில் படாத, ஆனால் வெளிச்சம் மிகுந்த ஆய்வகச் சன்னலில் வைத்தோம். கலவை ஈரமாக இருக்க வேண்டும். தட்டில் நீர் தேங்க வேண்டியதில்லை. ஹூக்கரைப் பின்பற்றி முட்டை வெள்ளைக் கரு போட ஒரு குழு முனைந்தது. உண்ண வாய் வரும்வரை பொறுங்கள் என்று அறிவியல் ஆசிரியை தடுத்தார். அளவு மீறினால் குடுவைக்குள் அழுகி நாறும் என்றும் சொன்னார்.

செப்டம்பர் முழுதும் செடி அப்படியே நின்றது. அக்டோபர் இறுதியில் கருகாத ஓர் இலை விரிந்தது. டிசம்பரில், அரையாண்டுத் தேர்வு நடக்கையில், அவ்விலையின் நுனிக் கம்பி கொக்கிபோல் மேல்நோக்கி வளைந்து பருக்கத் தொடங்கியது. இன்று அது கட்டைவிரல் நீளம். மூடி இன்னும் ஒட்டியே இருக்கிறது. திறப்பதற்கு முன்பே உள்ளே நீர் சுரந்துவிடும் என்பதால் வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பார்க்கிறோம், பாதி வரை நிழல் தெரிகிறது.

ஆண்டு விழாவிற்கு இன்னும் மூன்று வாரங்கள் உள்ளன. சகோதரி வருவதாக எழுதிவிட்டார்.