முதல் ரேங்க் யாருக்கு? கணினி வேகப் போட்டியில் ஒரு புள்ளிக் கணக்கு



நம் கம்ப்யூட்டர் லேபில் ஜன்னல் ஓரமாக இரண்டு கணினிகள் இருக்கின்றன அல்லவா? இரண்டும் ஒரே மாடல், ஒரே பிராசஸர். சாரிடம் அனுமதி வாங்கி இரண்டிலும் 'சூப்பர் பை' என்ற சின்ன மென்பொருளை ஓட்டிப் பார்த்தேன். முதல் கணினி 22.4 வினாடி எடுத்தது. பக்கத்துக் கணினி 23.1. சரி, முதல் கணினிதான் வேகம் என்று முடிவு கட்டி, ஆசைக்கு அதையே இன்னொரு தடவை ஓட்டினேன். இப்போது 22.9! அதே கணினிதான், யாரும் எதையும் தொடவில்லை. பின்னணியில் ஆன்டிவைரஸ் ஏதோ செய்துகொண்டிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. ஒரு கணினியே தன்னோடு போட்டி போட்டால் அரை வினாடி வித்தியாசம் வருகிறதே, உலகம் முழுக்க உள்ளவர்களை வரிசைப்படுத்துகிறவர்கள் என்னதான் செய்வார்கள்? அந்தக் கேள்வியில் பிறந்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் சூப்பர் பை பற்றி. வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் கிடைக்கும் பை மதிப்பை, தசமப் புள்ளிக்குப் பிறகு இலட்சக்கணக்கான இலக்கங்களுக்குக் கணக்கிடும் மென்பொருள் இது. 1995-இல் ஜப்பானில் டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கனடா யசுமசாவின் ஆய்வுக் குழுவிலிருந்து வந்தது. '1 எம்' என்ற சோதனை 10,48,576 இலக்கங்கள், அதாவது 2-இன் 20-ஆம் அடுக்கு. '32 எம்' என்பது 2-இன் 25-ஆம் அடுக்கு. எல்லோருக்கும் ஒரே கணக்கு, எடுத்த நேரம்தான் மார்க். நேரம் குறைந்தால் வெற்றி. நூறு மீட்டர் ஓட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஓவர்கிளாக்கிங் என்றால் என்ன? மதர்போர்டு ஓர் அடிப்படைத் துடிப்பைக் கொடுக்கிறது. பிராசஸர் அதை ஓர் எண்ணால் பெருக்கிக்கொண்டு ஓடுகிறது. துடிப்பையோ பெருக்கும் எண்ணையோ ஏற்றினால், கம்பெனி அச்சடித்த வேகத்தைவிட அதிகமாக ஓடும். சூடும் கூடவே ஏறும். மின்னழுத்தத்தை மிஞ்சி ஏற்றினால் சிப்பே போய்விடும். (லேப் கணினியில் யாரும் முயற்சி செய்ய வேண்டாம்! நான் நேரம் மட்டும்தான் பார்த்தேன் என்பதை சாருக்கு இங்கே மறுபடியும் தெரிவித்துக்கொள்கிறேன்.)

இதையே விளையாட்டாக்கி, உலக அளவில் தரவரிசை போடுகிறார்கள். பெல்ஜியத்தில் தொடங்கிய 'ஹெச்.டபிள்யூ.பாட்' என்ற அமைப்பு இதில் பெயர் பெற்றது. கார் பந்தயம் போல இதற்கும் வீரர்கள், அணிகள், கோப்பைகள் எல்லாம் உண்டு. அதிகக் குளிர்ச்சிக்கு மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும் திரவ நைட்ரஜனை, பிராசஸர் மேல் வைத்த செம்புக் குவளையில் ஊற்றிக்கொண்டே சோதனை செய்வார்கள். அதையும் தாண்டி, திரவ ஹீலியம் ஊற்றி 2022 டிசம்பரில் இன்டெல் கோர் ஐ9-13900கே பிராசஸரை 9 கிகா ஹெர்ட்ஸுக்கு மேலே கொண்டுபோனது ஒரு குழு. அதே சிப்புக்குக் கம்பெனி சொல்லும் உச்சம் 5.8 கிகா ஹெர்ட்ஸ்தான்.

கேட்கவே பிரமிப்பாக இருக்கிறது. ஆனால் இங்கேதான் சிக்கலும். புது பிராசஸரும் ஹீலியமும் வாங்க வசதி உள்ளவர் ஒரு பக்கம். பழைய பென்டியம் 4 கணினியை வைத்துக்கொண்டு ஜன்னலைத் திறந்துவிட்டு ராத்திரி குளிர்ச்சியில் முயற்சி செய்கிறவர் மறுபக்கம். இரண்டு பேரையும் ஒரே பட்டியலில் போட்டால் நாம் அளப்பது திறமையையா, பர்ஸையா?

'அவரவர் கணினி எவ்வளவு சதவீதம் ஏறியது என்று பார்த்தால் போச்சு' என்றுதான் முதலில் எனக்கும் தோன்றியது. அது ஏன் சரிப்படாது என்பதற்கு 1998-இல் நல்ல உதாரணம் இருக்கிறது. அந்த வருடம் இன்டெல் 'செலரான் 300ஏ' என்ற மலிவு பிராசஸரை வெளியிட்டது. அடிப்படைத் துடிப்பு 66 மெகா ஹெர்ட்ஸ் (சரியாகச் சொன்னால் 66.6), பெருக்கும் எண் 4.5, ஆக 300. பெருக்கும் எண்ணை மாற்ற முடியாதபடி பூட்டி வைத்திருந்தார்கள். ஆனால் துடிப்பை 100-க்கு மாற்றினால் 450! பெரும்பாலான 300ஏ சிப்புகள் சாதாரண ஃபேனிலேயே இதற்குத் தாக்குப்பிடித்தன. ஒரே ஒரு மாற்றம், 50 சதவீதம் லாபம். அதே வருடம் விலை உயர்ந்த பென்டியம் 2-இல் 450 மெகா ஹெர்ட்ஸ் மாடலும் இருந்தது. அது பிறக்கும்போதே 100 பெருக்கல் 4.5. ஒருவர் அதைப் பாடுபட்டு 112 துடிப்புக்கு ஏற்றினார் என்று வைத்துக்கொள்வோம். கிடைப்பது 504, அதாவது 12 சதவீதம். வேகத்தில் இவர்தான் மேலே, பட்ட பாட்டிலும் இவர்தான் மேலே. ஆனால் சதவீதக் கணக்கில் செலரான்காரர் நான்கு மடங்குக்கு மேல் வாங்கிவிடுவார். ஏனென்றால், அச்சடித்த வேகம் என்பது சிப்பின் உண்மையான எல்லை இல்லை, விற்பனைக்காகக் கம்பெனி ஒட்டிய சீட்டு. சீட்டை வைத்துத் திறமையை அளக்க முடியுமா?

ஆகவே ஹெச்.டபிள்யூ.பாட் வேறு வழியில் போனது. இரண்டு வகைப் புள்ளிகள். ஒன்று, எல்லாப் பிராசஸர்களையும் கோர் எண்ணிக்கைப்படி பிரித்து உலக அளவில் போட்டி. இதில் புதியதும் குளிர்ந்ததும்தான் ஜெயிக்கும். இரண்டாவது, ஒரே மாடல் வைத்திருப்பவர்களுக்குள் மட்டும் போட்டி. பென்டியம் 4 பென்டியம் 4-ஓடுதான் மோதும். இந்த இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது. பழைய கணினிக்காரருக்கும் ஜெயிக்க ஒரு மைதானம் கிடைத்துவிட்டதே!

ஆனால் மனிதர்கள் சும்மா இருப்பார்களா? யாருமே சீண்டாத பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்றைத் தேடிப் பிடித்தால், மொத்தம் மூன்று பேர் உள்ள போட்டியில் சுலபமாக முதலிடம். அதே மாதிரி முப்பது கார்டு வாங்கினால் முப்பது முதலிடம். ஓட்டப் பந்தயத்தில் ஆளே இல்லாத பிரிவாகப் பார்த்துப் பெயர் கொடுக்கிற கதைதான். அதனால் ஒரு பிரிவில் எத்தனை பேர் போட்டியிடுகிறார்களோ அதற்கேற்பப் புள்ளி கூடும் என்று விதி வைத்தார்கள். கூட்டம் அதிகமான இடத்தில் முதலிடம் வந்தால் புள்ளி அதிகம்.

எவ்வளவு அதிகம்? இதை நானே ஒரு சூத்திரம் போட்டுப் பார்த்தேன் (இது என் சொந்தச் சூத்திரம், அவர்களுடையது இல்லை). ஆள் எண்ணிக்கையையே புள்ளியாகக் கொடுத்தால், 400 பேர் பிரிவில் முதலிடத்துக்கு 400, 4 பேர் பிரிவில் 4. நூறு மடங்கு வித்தியாசம் ரொம்ப அதிகம். அதனால் வர்க்கமூலம் எடுத்தேன். 400-க்கு 20, 4-க்கு 2. இரண்டாம் இடத்துக்கு அதில் பாதி, மூன்றாம் இடத்துக்கு மூன்றில் ஒரு பங்கு. கணக்கு சாரிடம் பெருமையாகக் காட்டினேன். சார் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "முதல் ஆள் 10.0 வினாடி, ரெண்டாவது ஆள் 10.1 வினாடின்னா, அந்தப் புள்ளி ஒரு வினாடிக்காகவா பாதி புள்ளியைப் புடுங்குறே?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். இடத்தைப் பார்க்காமல் நேரத்தையே பார்த்தால்? முதல்வரின் நேரத்தை நம் நேரத்தால் வகுத்து நூறால் பெருக்குவது. 10.1 வினாடிக்கு 99, 14 வினாடிக்கு 71. இரண்டாமவருக்கு நியாயம் கிடைத்தது. ஆனால் 14 வினாடிக்காரர் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே ஓட்டியவர். ஒன்றுமே செய்யாமல் 71! ஒரு பக்கம் நீட்டினால் மறுபக்கம் சுருங்குகிறது. இடத்தை வைத்துப் புள்ளி கொடுப்பது கொடுமையாகத் தெரிந்தாலும், நூறில் ஒரு பங்கு வினாடிக்காக ராத்திரி பகலாக உழைக்க வைப்பது அதுதான் என்று இப்போது நினைக்கிறேன். நம் விளையாட்டு விழாவில் 5, 3, 1 என்று கொடுப்பதும் இதே காரணத்துக்காகத்தான் இருக்கும்.

இன்னும் ஒரு பிரச்சினை. நீளம் தாண்டுதலில் எத்தனை வாய்ப்பு என்பது முன்கூட்டியே முடிவான ஒன்று. அதில் சிறந்ததை எடுத்துக்கொள்வார்கள். இங்கேயும் சிறந்ததைத்தான் எடுக்கிறார்கள், ஆனால் வாய்ப்புக்குக் கணக்கே இல்லை. என் லேப் சோதனையில் 22.4, 22.9 என்று வந்ததல்லவா? நூறு தடவை ஓட்டினால் 22.2 கூட ஒரு தடவை வரலாம். அதைவிடப் பெரிய விஷயம், ஒரே மாடலில் பத்து சிப் வாங்கினால் பத்தும் ஒரே மாதிரி ஏறாது. பிறவியிலேயே நல்ல சிப், சுமார் சிப் என்று இருக்கிறது. நூறு சிப்பைச் சோதித்து ஒன்றைப் பொறுக்கி எடுக்க முடிந்தவருக்கும், கடையில் ஒன்றே ஒன்று வாங்கியவருக்கும் எப்படிப் போட்டி? இதனால்தான் பிற்காலத்தில் வீரர்களையே தனித்தனி லீக்குகளாகப் பிரித்தார்கள். புதியவர்கள் தனி. காற்று, தண்ணீர் குளிர்ச்சிக்காரர்கள் தனி. நைட்ரஜன்காரர்கள் தனி. கம்பெனிகளோடு தொடர்புள்ளவர்களுக்கு 'எலீட்' என்று தனியாக ஒன்று. நல்ல சிப் ஒன்றை நண்பர்களுக்குள் கைமாற்றி ஆளாளுக்குப் புள்ளி வாங்கக் கூடாது என்றும் விதி உண்டு. பரீட்சை ஹாலில் ஒரே விடைத்தாளை நாலு பேர் கொடுத்த மாதிரி ஆகிவிடுமே.

அடுத்தது ஆதாரம். "நான் இவ்வளவு வேகம் போனேன்" என்று வாயால் சொன்னால் யார் நம்புவது? மார்க் தெரியும் திரையிலேயே பிராசஸர், மெமரி விவரம் காட்டும் 'சி.பி.யூ-இசட்' ஜன்னல்களும் திறந்திருக்க வேண்டும். அந்தத் திரையைப் படமாகக் கொடுக்க வேண்டும். முன்னணி இடம் என்றால் கணினியின் போட்டோவும் வேண்டும்.

சோதனையையே ஏமாற்றிய கதையும் உண்டு. 2003-இல் 'த்ரீடிமார்க் 03' என்ற கிராபிக்ஸ் சோதனையில், கேமரா எந்தப் பாதையில் போகும் என்பது முன்கூட்டியே தெரியும் என்பதால், அதன் கண்ணில் படாத பகுதிகளை வரையாமலே விடும்படி என்விடியாவின் டிரைவர் இருந்தது என்று அந்தச் சோதனையைத் தயாரித்த ஃபியூச்சர்மார்க் மே மாதம் அறிவித்தது. திருத்தம் வெளியிட்டதும் ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5900 அல்ட்ரா கார்டின் மார்க் சுமார் 24 சதவீதம் இறங்கியது. அடுத்த மாதமே இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து அறிக்கை விட்டு, அது ஏமாற்று இல்லை, அந்தச் சோதனைக்கென்று செய்த மேம்பாடு என்று பெயரை மாற்றிக்கொண்டன. கேள்வித்தாள் தெரிந்து படித்ததற்கு இப்படியும் ஒரு பெயர் இருக்கிறது பாருங்கள்.

ஆனால் என்னைத் தூக்கிவாரிப் போட்டது 2013 ஆகஸ்டில் நடந்தது. அதில் யாரும் ஏமாற்றக்கூட இல்லை. ஏமாற்றியது கடிகாரம்! விண்டோஸ் 8 ஓடிக்கொண்டிருக்கும்போதே அடிப்படைத் துடிப்பை மாற்றினால், கணினிக்குள் இருக்கும் நேரமும் சேர்ந்து மாறிவிடுகிறது என்று கண்டுபிடித்தார்கள். 130 மெகா ஹெர்ட்ஸில் துவக்கி, பிறகு 122-க்கு இறக்கிப் பார்த்தார்கள். இறக்கியது ஏறக்குறைய 6 சதவீதம். வெளியே 5 நிமிடம், அதாவது 300 வினாடி ஆனபோது, உள்ளே இருந்த கடிகாரம் 18 வினாடி பின்தங்கியிருந்தது. 300-இல் 6 சதவீதம் 18, கணக்கு டாண் என்று பொருந்துகிறது. விளைவு என்ன? கணினி உண்மையில் மெதுவாக ஓடுகிறது. ஆனால் ஸ்டாப்வாட்ச்சும் அதே அளவு மெதுவாக ஓடுவதால், 122-இல் ஓடினாலும் 130-இல் ஓடியது போலவே மார்க் வருகிறது. ஓடுகிறவன் நொண்டினால் நடுவரின் கைக்கடிகாரமும் நொண்டுகிறது!

திரைப்படத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. எனவே விண்டோஸ் 8-இல் எடுத்த மார்க்குகளை ஏற்க முடியாது என்று ஹெச்.டபிள்யூ.பாட் அறிவித்தது. நேர்மையாக எடுத்தவர்கள் பலருக்கு இதில் வருத்தம் இருந்திருக்கும். ஆனாலும் வேறு என்ன செய்ய முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு, பிராசஸரின் துடிப்போடு மாறாத தனிக் கடிகாரத்தை வைத்து நேரத்தைச் சரிபார்க்கும் 'பெஞ்ச்மேட்' போன்ற மென்பொருள்கள் வந்தன.

இதைப் படித்ததும் நான் லேபுக்குத் திரும்பப் போய், சூப்பர் பை ஓடும்போது பியூன் அண்ணனின் கைக்கடிகாரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 22 வினாடியும் கொஞ்சமும். நம் லேப் கடிகாரத்தில் பிழை இல்லை.

கடைசியாக உங்களுக்கு ஒரு கணக்கு. மேலே சொன்ன என் சூத்திரப்படி (ஆள் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை இடத்தால் வகுக்க வேண்டும்) மூன்று பேருக்குப் புள்ளி போடுங்கள். 'அ' என்பவர் 400 பேர் பிரிவில் இரண்டாம் இடம். 'ஆ' என்பவர் 16 பேர் உள்ள ஐந்து பிரிவுகளிலும் முதலிடம். 'இ' என்பவர் 100 பேர் பிரிவில் முதலிடம். யார் மேலே வருகிறார்? இப்போது, ஒருவருக்கு அவருடைய சிறந்த இரண்டு முடிவுகள் மட்டுமே கணக்கு என்று விதியை மாற்றிவிட்டு மறுபடியும் போடுங்கள். மேலே இருந்தவர் எங்கே போகிறார் என்று பாருங்கள். 398 பேரை ஜெயித்த 'அ'-வும் 99 பேரை ஜெயித்த 'இ'-யும் சமமாக நிற்பது சரியா என்றும் யோசியுங்கள். என்னைவிட நல்ல சூத்திரம் யாரிடமாவது இருந்தால் ஒரு தாளில் எழுதி, வகுப்புப் பெயரோடு லேப் வாசலில் உள்ள பெட்டியில் போடவும். கணக்கு சார் பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். விடை அடுத்த இதழில்.

– பிளஸ் ஒன், கணினி அறிவியல் பிரிவு