கூர்மையின் கோணம்

நுழையும்முன்

கத்தி கூராவதற்குக் கல்லின் தரமும் கையின் வலிமையுமே காரணம் என்று நாம் எண்ணுகிறோம். நல்ல கல்லில் நெடுநேரம் தேய்த்தும் மழுங்கலாகவே இருக்கும் கத்திகள் உண்டு. பழைய கல்லில் பத்து முறை இழுத்த அளவில் கூராகிவிடும் கத்திகளும் உண்டு. வேறுபாடு கோணத்தில் இருக்கிறது. மடக்குக் கத்தியின் விளிம்பில் அமைந்துள்ள அக்கோணத்தைப் பற்றியது இப்பாடம்.

தமிழர்க்கு மடக்குக் கத்தி புதிதன்று. ஓலையில் எழுதிய காலத்தில் வழங்கிய எழுத்தாணி வகைகளுள் மடக்கெழுத்தாணியும் ஒன்று. அதன் ஒருபுறம் எழுத்தாணியும் மறுபுறம் சிறு கத்தியும் அமைந்திருக்கும். இரண்டையும் பிடிக்குள் மடக்கிக்கொள்ளலாம். ஐரோப்பாவில் இறகுப் பேனாவைச் சீவுவதற்கு வைத்திருந்த சிறு கத்தியே பேனாக்கத்தி எனப் பெயர் பெற்றது. கத்தி மழுங்கினால் ஓலை நார் நாராகக் கிழியும், இறகு பிளந்துபோகும். எனவே, எழுதுவோர்க்குத் தீட்டவும் தெரிந்திருக்க வேண்டியதாயிற்று.

ஆப்பும் விளிம்பும்

கத்தியின் அலகைக் குறுக்காக அறுத்துப் பார்ப்பதாகக் கற்பனை செய்வோம். அது கீழ்நோக்கிக் குறுகிச் செல்லும் ஓர் ஆப்பு. இருபுறமும் சாய்ந்து வரும் இரு தளங்கள் சந்திக்கும் கோடே விளிம்பு. விசை எவ்வளவு சிறிய பரப்பில் செயற்படுகிறதோ அவ்வளவுக்கு அழுத்தம் மிகும் என்பது இயற்பியலில் நாம் படித்ததே. கூரிய விளிம்பின் பரப்பு மிகச் சிறிது. ஆகவே, சிறு விசையே பொருளைப் பிளக்கப் போதுமானது. மழுங்கிய விளிம்பைக் கொண்டு அறுக்க முனைபவர் கூடுதலாக அழுத்துகிறார். அழுத்தம் தாங்காமல் கத்தி வழுக்கி, மறுகையில் பாய்கிறது. கூரிய கத்தியைவிட மழுங்கிய கத்தியே ஆபத்தானது என்று தச்சரும் சமையற்கலைஞரும் கூறுவது இதனால்தான்.

விளிம்பு பொருளுக்குள் நுழைந்தபின் அதன் பின்னாலுள்ள ஆப்பும் உள்ளே செல்ல வேண்டும். அங்கேதான் கோணம் தன் வேலையைக் காட்டுகிறது. ஒவ்வொரு பக்கமும் 15 பாகை சாய்வுடைய கத்தியில், விளிம்பிலிருந்து 1 மில்லிமீட்டர் மேலே அலகின் தடிமன் ஏறத்தாழ 0.54 மில்லிமீட்டர். சாய்வு 20 பாகையானால் அதே இடத்தில் தடிமன் 0.73 மில்லிமீட்டர். தடிமன் மூன்றில் ஒரு பங்கே கூடுகிறது. ஆனால், தகடு வளையாமல் தாங்கும் திறன் தடிமனின் மும்மடியைப் பொறுத்தது. எனவே, அவ்விடத்தில் விளிம்பின் உறுதி ஏறக்குறைய இரண்டரை மடங்காகிறது. குறுங்கோணம் எளிதாக நுழையும், எளிதாக மடங்கவும் செய்யும். விரிகின்ற கோணம் நுழைவதற்கு அடம்பிடிக்கும், ஆனால் நிலைத்து நிற்கும். இரண்டையும் ஒருங்கே பெறும் வழி எதுவும் இல்லை.

எத்தனை பாகை?

‘தீட்டின மரத்திலேயே கூர் பார்ப்பது’ என்னும் பழமொழியை நன்றி மறத்தலுக்கு உவமையாக இன்றும் வழங்குகிறோம். அதில் வரும் மரம், கல்பொடி தூவிக் கருவிகளைத் தீட்டும் மரப்பலகையாகும். பனையேறும் தொழிலாளர் பாளை சீவும் கத்தியை அத்தகைய பலகையில் தீட்டுவர். பாளையை நாள்தோறும் மெல்லிய சீவலாகச் சீவினால்தான் பதநீர் தொடர்ந்து ஊறும்; மழுங்கிய கத்தி பாளையை நசுக்கிவிடும். ஆகவே, அக்கத்திக்கு மெல்லிய விளிம்பு வேண்டும். அதே விளிம்போடு அக்கத்தியால் விறகு பிளந்தால் ஓரிரு வெட்டுகளிலேயே பல் விழுந்துவிடும். விறகுக்கென்றே இருக்கும் கோடரியின் விளிம்பு, பக்கத்திற்கு 25 முதல் 30 பாகை வரை தடித்திருக்கும். சவரக்கத்தி மறுமுனையில் நிற்கிறது. அதன் சாய்வு பக்கத்திற்கு 8 பாகை அளவே.

மடக்குக் கத்தி இவற்றின் இடையில் வருவது. பழம் நறுக்கவும் தாள் கிழிக்கவும் மட்டும் பயன்படுமாயின் 15 பாகை போதும். கயிறு, அட்டைப்பெட்டி, சிறு குச்சி என எல்லாவற்றையும் எதிர்கொள்ளும் கத்திக்கு 20 பாகையே பொருத்தம். கடினமாகப் பதமிட்ட எஃகு குறுங்கோணத்தையும் தாங்கும்; மென்மையான எஃகில் அதே கோணம் ஒரு நாளுக்கும் நிலைக்காது. கத்தியைப் பற்றிப் பேசும்போது 20 பாகை என்பது ஒரு பக்கத்துச் சாய்வையே குறிக்கும். இருபக்கமும் சேர்ந்து 40 பாகை. தச்சரின் உளி ஒருபுறம் மட்டுமே சாய்ந்தது. ஆதலால், உளிக்கு 25 பாகை என்றால் அதுவே முழுக்கோணம். இவ்வேறுபாட்டை அறியாமல் இரு கருவிகளின் எண்களையும் ஒப்பிடுதல் கூடாது.

கல்லின்மீது

20 பாகையைக் கண்ணால் அளப்பது எப்படி? சதுரத் தாளின் மூலை 90 பாகை. அதனை ஒருமுறை சரிபாதியாக மடித்தால் 45, மீண்டும் மடித்தால் 22.5. அம்மடிப்பைக் கல்லின்மேல் நிறுத்தி, கத்தியை அதனோடு ஒட்டிச் சாய்த்தால் நமக்கு வேண்டிய கோணத்தை நெருங்கிவிடுவோம்.

இன்னும் நுட்பமாக வேண்டுமெனில் முக்கோணவியல் உதவும். விளிம்பிலிருந்து முதுகு வரையுள்ள அலகின் அகலத்தைக் கர்ணமாகவும், கல்லிலிருந்து முதுகின் நடுப்பகுதி உயர்ந்து நிற்கும் அளவை எதிர்ப்பக்கமாகவும் கொள்க. அகலம் 20 மில்லிமீட்டராயின், 20 பாகைக்கு உயரம் 20 × 0.342, அதாவது 6.8 மில்லிமீட்டர். 15 பாகைக்கு 5.2 மில்லிமீட்டர். இரண்டிற்கும் இடையே உள்ளது 1.6 மில்லிமீட்டர்தான். கை அவ்வளவு தடுமாறினாலே 5 பாகை மாறிவிடுகிறது. வேகமாகவும் அழுத்தியும் தேய்ப்பவரின் கத்தி கூராகாத காரணம் இதில் விளங்கும்: ஒவ்வோர் இழுப்பும் ஒவ்வொரு கோணத்தில் விழுவதால் இரு தளங்களும் உருண்டு போகின்றன. 19 ஆகட்டும், 21 ஆகட்டும், தொடங்கிய கோணத்தை முடியும்வரை மாற்றாதிருப்பதே முதன்மையானது. சவரக்கத்தியைச் செய்தவர்கள் இச்சிக்கலை அழகாகத் தீர்த்திருக்கிறார்கள். அதன் தடித்த முதுகையும் விளிம்பையும் ஒருசேரக் கல்லில் படிய வைத்தால் கோணம் தானே அமைந்துவிடும்.

கோணம் சரியாக விழுகிறதா என்பதைச் சோதிக்கச் சாய்தளத்தின் மீது மார்க்கர் பேனாவால் மை பூசி, கல்லில் ஒருமுறை மெல்ல இழுக்க வேண்டும். மேற்பகுதியில் மட்டும் மை அழிந்தால் கத்தி மிகத் தாழ்ந்திருக்கிறது. விளிம்பில் மட்டும் அழிந்தால் மிக உயர்ந்திருக்கிறது. தளம் முழுவதும் அழிவதே சரியான கோணத்தின் அடையாளம்.

தெருவில் சாணை பிடிப்போர், கையைத் தாங்கலில் ஊன்றியும் முழங்கையை உடலோடு ஒட்டியும் அலகை அசையாமல் பிடிக்கும் திறம் வியப்புக்குரியது. எனினும், விரைந்து சுழலும் சாணைக்கல்லில் மெல்லிய விளிம்பு நொடியில் சூடேறும். எஃகு நீலநிறம் காட்டுமாயின் அவ்விடத்தில் பதம் இறங்கிவிட்டது. அங்கே அமைத்த கூர் நெடுநாள் நில்லாது. மடக்குக் கத்தி போன்ற சிறு கருவிக்கு நீர் தெளித்த தட்டைக் கல்லே ஏற்றது.

பிசிறு

ஒரு பக்கத்தைத் தொடர்ந்து தீட்டும்போது, தளம் விளிம்பை எட்டியதும் மறுபக்கத்தில் மெல்லிய உலோகப் பிசிறு எழும். முதுகிலிருந்து விளிம்பை நோக்கி விரலை மென்மையாகத் தள்ளினால் அது தட்டுப்படும். விளிம்பின் நீளவாக்கில் விரலை ஓட்டுதல் ஒருபோதும் கூடாது. பிசிறு எழாத வரையில் அப்பக்கத்தின் வேலை முடியவில்லை என்றே பொருள். எழுந்தபின் மறுபக்கத்தையும் அவ்வாறே தீட்டி, பிறகு இருபக்கமும் மாறி மாறி, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே நுண்ணிய கல்லில் இழுக்க வேண்டும். எஞ்சிய பிசிறு தோல்வாரில் நீங்கும். தோலில் இழுக்கும்போது முதுகு முன்னும் விளிம்பு பின்னுமாகச் செல்ல வேண்டும். இல்லையேல் தோல் அறுபடும். பிசிறை நீக்காமல் விட்ட கத்தி முதல் வெட்டில் அச்சமூட்டும் கூர்மையைக் காட்டி, பத்தாம் வெட்டில் மழுங்கிவிடும்.

தீட்டிய கத்தியைத் துடைத்து உலர்த்தி, கீலில் ஒரு துளி எண்ணெய் விட்டபின், செய்தித்தாளை ஒரு கையில் தொங்கவிட்டு அதன் ஓரத்திலிருந்து கீழ்நோக்கி அறுத்துப் பார்க்கலாம். தாள் ஓசையின்றிப் பிரிந்தால் விளிம்பு ஒருசீராக இருக்கிறது. எங்கேனும் சிக்கினால், அலகின் எந்தப் பகுதியில் சிக்கியது என்று குறித்துக்கொண்டு, அப்பகுதியை மட்டும் அதே கோணத்தில் மீண்டும் இரண்டு மூன்று முறை இழுத்தால் போதும்.